ரொட்டித் தொழிலாளியின் மகனும் நகராட்சி அரங்கமும்

புதுதில்லி: வட இத்தாலியில் உள்ள ரெஜியோ எமிலியா நடுத்தரமான ஒரு நகரம். 1961-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி இரவு அந்நகரின் நகராட்சி அரங்கில் புச்சீனியின் 'லா போஹேம்' என்ற ஓபரா மேடையேறியது. கதாநாயகனான ஏழைக் கவிஞன் ரோடோல்ஃபோவாகப் பாடிய 25 வயது இளைஞரை அந்த வட்டாரத்துக்கு வெளியே அறிந்தவர் மிகச் சிலரே. அவரது தந்தை ரொட்டி சுடும் தொழிலாளி. தாய் புகையிலை ஆலையில் வேலை செய்தவர். இளைஞரோ சில காலம் தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும், பின்னர் காப்பீட்டு முகவராகவும் இருந்து பார்த்தவர். லூசியானோ பவரோட்டி என்ற அந்த இளைஞருக்கு, ஓபரா பாடகராக அதுவே முதல் மேடை.

அதே ஏப்ரல் 29 அன்று, பம்பாயில் பிறந்த இன்னோர் இளைஞருக்கு 25 வயது நிறைந்தது. அவர் சுபின் மேத்தா. அப்போது அவர் இந்தியாவில் இல்லை. மேற்கத்திய இசையை முறையாகக் கற்க 18 வயதிலேயே வியன்னா சென்றுவிட்ட அவர், கனடாவின் மான்ட்ரியல் சிம்பொனி இசைக்குழுவின் இயக்குநர் பொறுப்பை ஏற்றது அந்த 1961-இல்தான்.

இவ்விருவரும் 29 ஆண்டுகளுக்குப் பின் ரோம் நகரின் கராகலா இடிபாடுகளிடையே ஒரே மேடையில் நின்றனர். உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவான 1990 ஜூலை 7 அன்று பவரோட்டி, பிளாசிடோ டொமிங்கோ, ஜோசே கரேராஸ் என்ற மூன்று பாடகர்கள் பாட, இசைக்குழுவை மேத்தா நடத்தினார். உலகமே தொலைக்காட்சியில் கண்ட நிகழ்ச்சி அது.

ஒருவர் தம் சொந்த ஊருக்கு அடுத்த ஊரிலிருந்து அந்த மேடையை அடைந்தார். மற்றவர் அதற்காகத் தாய்நாட்டையே விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. திறமையில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர். அவர்கள் காலடியில் இருந்த ஏணிதான் வேறு. கலைக்காக அரசு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் எழும்போதெல்லாம், இந்த ஏணியைப் பற்றிய விவாதமே விடுபட்டுப் போகிறது.

ஏழைக் கவிஞனின் வேடம்

ஆண்குரல்களில் உயர்ந்த ஸ்தாயியில் பாடுவது 'டெனார்' எனப்படுகிறது. இத்தாலிய ஓபராக்களில் காதலன் வேடம் பெரும்பாலும் இந்தக் குரலுக்கே எழுதப்பட்டது. அத்தகைய வேடங்களில் டெனார் பாடகர்கள் மிகவும் விரும்புவதும் அஞ்சுவதும் ரோடோல்ஃபோ வேடத்தை.

'லா போஹேம்' முதன்முதலில் 1896 பிப்ரவரி 1-ஆம் தேதி டூரின் நகரில் அரங்கேறியது. இசைக்குழுவை நடத்தியவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஆர்தூரோ டோஸ்கானினி. பிரெஞ்சு எழுத்தாளர் ஆன்ரி முர்ழேயின் கதைகளை அடிப்படையாகக் கொண்டு லூயிஜி இல்லிகாவும் ஜுசெப்பே ஜகோசாவும் இதன் வசனப் பாடல்களை எழுதினர்.

கதை எளிமையானது. பாரிஸ் நகரில் ஒரு மாடிக் குச்சில். கவிஞன், ஓவியன், தத்துவம் படிப்பவன், இசைக் கலைஞன் என நான்கு வறிய நண்பர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு குளிர் தாங்காமல், கவிஞன் தான் எழுதிய நாடகத்தின் கையெழுத்துப் பிரதியையே அடுப்பில் போட்டு எரிக்கிறான். அணைந்துபோன மெழுகுவத்தியை ஏற்றிக்கொள்ள வரும் அண்டைவீட்டுப் பெண் மிமி, துணியில் பூவேலை செய்து பிழைப்பவள். இருட்டில் தரையில் விழுந்த சாவியைத் தேடும்போது இருவர் கைகளும் தொட்டுக்கொள்கின்றன. காதல் பிறக்கிறது. இறுதியில் காசநோயால் அவள் அதே குச்சிலில் இறந்துபோகிறாள். அவளுக்கு மருந்து வாங்கப் பணமில்லாமல் தத்துவம் படிப்பவன் தன் மேலங்கியை விற்கிறான்.

அரசர்களும் தேவர்களும் கோலோச்சிய ஓபரா மேடையில், வாடகை கொடுக்க வழியற்றவர்களைக் கதைமாந்தர்களாக்கிய படைப்பு இது. அதனாலேயே இதில் பாடுபவரிடம் குரல் வளம் மட்டும் இருந்தால் போதாது. முதல் அங்கத்தில் மிமியின் குளிர்ந்த கையைப் பற்றியவாறு ரோடோல்ஃபோ பாடும் நீண்ட பாடல், பேச்சுப்போலத் தாழ்ந்த குரலில் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, மேல் ஸ்தாயி 'சி' சுரத்தைத் தொடுகிறது. ஒலிபெருக்கி கிடையாது. முழு இசைக்குழுவின் ஒலியைத் தாண்டி, கடைசி மாடத்தில் இருப்பவருக்கும் குரல் சென்று சேர வேண்டும். அந்தச் சுரம் பிசிறினால் மறுநாள் ஊர் முழுதும் அதே பேச்சாக இருக்கும்.

அதிலும் அது எமிலியா வட்டாரம். வெர்டி பிறந்த கிராமமும் டோஸ்கானினி பிறந்த பார்மா நகரமும் அங்கேதான் உள்ளன. கூலித் தொழிலாளிக்கும் ஓபரா மெட்டுகள் மனப்பாடமாக இருந்த பகுதி அது. பாராட்டுவதிலும் பழிப்பதிலும் தயங்காத அந்த ரசிகர்கள் முன்னிலையில் பவரோட்டி தேறினார். அன்றைய அவரது பாட்டின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. பிற்காலத்தில் உலகமே அடையாளம் கண்டுகொண்ட அந்தத் தெளிந்த குரலை அதிலேயே கேட்க முடிகிறது.

மூன்று படிகள்

அந்த இரவு திடீரென வந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் ஆறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பயிற்சி இருந்தது. அந்தப் பயிற்சி நடந்த விதமே கவனிக்கத்தக்கது.

முதற்படி, ஊர்ச் சேர்ந்திசைக் குழு. பவரோட்டியின் தந்தை பெர்னாண்டோ நல்ல டெனார் குரல் வாய்த்தவர். ஆனால் மேடை அச்சம் காரணமாக அதைத் தொழிலாக்கவில்லை. மோடெனா நகரில் 'ரொசீனி' என்ற ஆடவர் சேர்ந்திசைக் குழு இருந்தது. பகலில் பிழைப்பைப் பார்த்துவிட்டு மாலையில் கூடிப் பாடுவோரின் குழு. தந்தையும் மகனும் அதில் சேர்ந்தே பாடினர். 1955-ஆம் ஆண்டு பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள லாங்கோலன் என்ற சிற்றூரில் நடந்த சர்வதேச இசைவிழாவில் இக்குழு முதல் பரிசை வென்றது. பாட்டையே வாழ்க்கையாக்கிக் கொள்ளலாம் என்ற துணிவை அந்த வெற்றிதான் தமக்குத் தந்ததாகப் பவரோட்டி பின்னாளில் பலமுறை கூறியுள்ளார்.

இரண்டாம் படி, ஆசிரியர்கள். மோடெனாவில் வாழ்ந்த தொழில்முறைப் பாடகர் அர்ரிகோ போலா, குடும்பத்தின் நிலையறிந்து கட்டணம் வாங்காமலே கற்பித்தார். 1957-இல் அவர் ஜப்பான் சென்றதும், மாந்துவா நகரில் இருந்த எத்தோரே காம்போகல்லியானியிடம் பயிற்சி தொடர்ந்தது. இதே ஆசிரியரிடம் மோடெனாவைச் சேர்ந்த மிரெல்லா ஃப்ரேனி என்ற பாடகியும் பயின்றார். இருவரின் தாய்மாரும் ஒரே புகையிலை ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு குழந்தைகள், ஒரே காலத்தில் உலக மேடைக்கு வந்தது தற்செயல் மட்டுமன்று.

இந்தக் காலம் முழுதும் வருமானம் என்று பெரிதாக ஏதுமில்லை. சிறிய ஊர்களில் பணம் பெறாமல் சில கச்சேரிகள். வயிற்றுப்பாட்டுக்குப் பள்ளி வேலை. அது போதாமல் காப்பீட்டு முகவர் வேலை. நாள் முழுதும் பேசிப் பேசிக் குரல் கெட்டது. குரல்நாணில் சிறு முடிச்சு தோன்றியது. பெராரா நகரில் நடந்த ஒரு கச்சேரி படுதோல்வியில் முடிந்தது. இனிப் பாடுவதில்லை என்ற முடிவுக்கே அவர் வந்துவிட்டார். அந்த முடிவுக்குப் பின் மனச்சுமை இறங்கியதாலோ என்னவோ, குரல் மீண்டது. முன்பைவிடச் சிறந்து மீண்டது.

மூன்றாம் படிதான் முக்கியமானது. ரெஜியோ எமிலியாவில் 19-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் அக்கில்லே பேரியின் பெயரில் நடைபெற்ற பாட்டுப் போட்டியில் 1961-இல் பவரோட்டி வென்றார். அதற்குரிய பரிசு, கோப்பையும் சான்றிதழும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதாக இருக்கவில்லை. நகராட்சி அரங்கில், முழு இசைக்குழுவுடன், ஒரு முழு ஓபராவில் வேடம் என்பதே பரிசு. இசைக்குழுவை நடத்தியவரோ பிரான்செஸ்கோ மொலினாரி-பிரதெல்லி என்ற பெயர்பெற்ற நடத்துநர். புதியவர்களுக்கான மேடை என்பதற்காகத் தரத்தைக் குறைக்கவில்லை.

அதே இரவில், மேலங்கியை விற்கும் நண்பனின் வேடத்தில் முதன்முறையாக மேடையேறிய மற்றொரு வெற்றியாளர் திமீத்ரி நபோகோவ். புகழ்பெற்ற நாவலாசிரியர் விளாதிமீர் நபோகோவின் மகன். உலகறிந்த எழுத்தாளரின் மகனும் ரொட்டித் தொழிலாளியின் மகனும் ஒரே போட்டியில் வென்று, ஒரே மேடையில் ஒரே குச்சிலைப் பகிர்ந்துகொண்ட ஏழைகளாக நடித்தனர். பொது மேடை என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் தேவையில்லை.

ஐந்து உயிர்கள் விழுந்த சதுக்கம்

ரெஜியோ எமிலியாவின் நகராட்சி அரங்கம் 1857-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நகரின் நிர்வாகம் இடதுசாரிகள் கையில் இருந்தது. பாசிச எதிர்ப்புப் போரில் தோள் கொடுத்த விவசாயிகளும் ஆலைத் தொழிலாளர்களும் நிறைந்த பகுதி அது.

பவரோட்டி மேடையேறுவதற்கு ஏறத்தாழப் பத்து மாதங்களுக்கு முன், 1960 ஜூலை 7 அன்று, அந்த அரங்கின் முன்புறச் சதுக்கத்தில் ஐந்து பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். நவபாசிசக் கட்சியின் ஆதரவுடன் ரோமில் ஆட்சியமைத்த பிரதமர் தம்ப்ரோனியை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் நடத்திய போராட்டத்தின்போது நிகழ்ந்த கொடுமை அது. நாடெங்கும் கிளர்ந்த எதிர்ப்பால் அதே மாதத்தில் தம்ப்ரோனி பதவி விலகினார். 'ஜூலை 7 தியாகிகள் சதுக்கம்' என்றே அந்த இடம் இன்று அழைக்கப்படுகிறது.

இந்த வரலாற்றுக்கும் ஓபராவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அந்தச் சதுக்கத்தைக் கடந்துதான் 1961 ஏப்ரலில் மக்கள் அரங்குக்குச் சென்றனர். வேலைக்கும் கூலிக்கும் போராடும் நகரம், இசை அரங்கைப் பணக்காரர்களின் கேளிக்கை என்று கருதிக் கைகழுவவில்லை. குடிநீர்க் குழாய், பள்ளிக்கூடம் போல அரங்கத்தையும் ஊரின் பொதுச் சொத்தாகவே அது கருதியது. நகராட்சி என்ற சொல்லுக்கு அங்கு இந்தப் பொருளும் இருந்தது.

ஒரு வேடம், ஏழு கண்டங்களின் கதவு

முதல் இரவன்று அரங்கில் இருந்தவர்களில் ஒருவர் அலெசாந்த்ரோ சிலியானி. முன்னாள் டெனார் பாடகர். பின்னர் மிலான் நகரில் பாடகர்களுக்கு வாய்ப்புகளை ஏற்பாடு செய்யும் முகவராக இருந்தவர். அவர் பவரோட்டியைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அடுத்தடுத்து இத்தாலிய நகரங்களிலிருந்தும் பிற ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் அழைப்புகள் வந்தன.

அதன்பின் எந்தப் பெரிய கதவு திறந்தபோதும் அவர் கையில் இருந்த சாவி ரோடோல்ஃபோ வேடமாகவே இருந்தது. 1963-இல் லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் பாட வேண்டிய ஜுசெப்பே டி ஸ்டெபானோ உடல்நலம் குன்றி விலகியபோது, அவருக்குப் பதிலாக ரோடோல்ஃபோவாகப் பாடியவர் பவரோட்டி. 1965-இல் மிலானின் புகழ்பெற்ற லா ஸ்காலா அரங்கில் நடத்துநர் கராயன் தலைமையில் முதன்முதலாகப் பாடியதும் இதே வேடம். உடன் மிமியாகப் பாடியவர் அதே மோடெனாவின் ஃப்ரேனி. 1967-இல் சான் பிரான்சிஸ்கோ, 1968 நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் என இரண்டு இடங்களிலும் அறிமுகம் இதே வேடத்தில்தான். முதல் மேடையின் 25-ஆம் ஆண்டான 1986-இல் சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் அவர் பங்கேற்ற ஓபராவும் 'லா போஹேம்'தான்.

பவரோட்டி 2007 செப்டம்பர் 6 அன்று சொந்த ஊரான மோடெனாவில் காலமானார். அவ்வூர் நகர அரங்கம் இன்று பவரோட்டி, ஃப்ரேனி ஆகிய இருவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது.

பம்பாயிலிருந்து வியன்னாவுக்கு

இனி சுபின் மேத்தாவின் கதை. அவருடைய தந்தை மெஹ்லி மேத்தா, 1935-இல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை நிறுவியவர். வீட்டில் இசை இருந்தது. தந்தையே குருவாகவும் இருந்தார். ஆனால் அதற்கு மேல் ஏறப் படி இல்லை. மேற்கத்திய இசையைத் தொழிலாகக் கற்பிக்கும் உயர்நிலைப் பயிற்சிக்கூடமோ, ஆண்டு முழுதும் ஊதியத்துடன் இயங்கும் இசைக்குழுவோ அன்று நாட்டில் இல்லை. 1954-இல் அவர் வியன்னா சென்றார். பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், டெல் அவிவ், புளோரன்ஸ், மியூனிக் என உலகின் முன்னணி இசை அமைப்புகள் அவரைத் தலைமைப் பொறுப்பில் அமர்த்தின.

1972-இல் பவரோட்டியும் மேத்தாவும் இணைந்து பதிவு செய்த 'துராந்தோ' ஓபராவின் ஒரு பாடலைத்தான், 1990 உலகக் கோப்பை ஒளிபரப்பின் முகப்பிசையாக பிபிசி பயன்படுத்தியது. ஓபரா என்ற சொல்லையே கேட்டிராத கோடிக்கணக்கானோருக்கு அந்த இசையை அறிமுகப்படுத்திய கைகளில் ஒன்று இந்தியருடையது. இந்திய அரசு அவருக்கு 1966-இல் பத்மபூஷணும் 2001-இல் பத்மவிபூஷணும் வழங்கிச் சிறப்பித்தது. வென்று வந்தவருக்கு விருது வழங்குவதில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர்.

நிலைமை பின்னர் ஓரளவு மாறியது. 1969-இல் ஜே.ஆர்.டி. டாடாவும் ஜம்ஷெட் பாபாவும் முன்னின்று மும்பையில் தேசிய நிகழ்த்துகலை மையத்தை நிறுவினர். அங்கு 2006-இல் இந்திய சிம்பொனி இசைக்குழு உருவாகியது. அதன் கலைஞர்களில் கணிசமானோர் வெளிநாட்டவர். 1993-இல் மூடப்பட்ட மும்பையின் ராயல் ஓபரா ஹவுஸ், பழுதுபார்க்கப்பட்டு 2016 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. இவையெல்லாம் பெரும்பாலும் தனியார் கொடையாலும் ஆர்வத்தாலும் நடந்தவை.

ஓபரா இந்தியாவுக்குத் தேவையா என்பதல்ல இங்கு எழும் கேள்வி. யட்சகானமும், வங்கத்து ஜாத்ராவும், மராத்தி இசை நாடகமும், மெலட்டூர் பாகவத மேளமும் உள்ள நாடு இது. இந்தக் கலைகளில் பிறக்கும் ஏழைக் கலைஞனுக்கு மேலே ஏறப் படிகள் உள்ளனவா என்பதே கேள்வி.

தாகூர் நூற்றாண்டும் அரங்கங்களும்

இந்தியக் கலை வரலாற்றிலும் அதே 1961 முக்கியமான ஆண்டு. ரவீந்திரநாத் தாகூரின் பிறந்த நூற்றாண்டு அது. மாநிலத் தலைநகரங்களில் அவர் பெயரால் அரங்கங்கள் எழுப்ப மத்திய அரசு நிதியுதவி அளித்தது. தில்லியில் மூன்று அகாதெமிகளுக்கும் பொதுவாக ரவீந்திர பவன் எழுந்தது. ஹைதராபாதில் ரவீந்திர பாரதி அந்த ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. கொல்கத்தாவில் ரவீந்திர சதனுக்குப் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். சண்டீகர், பெங்களூரு, ஜெய்ப்பூர் என நாடெங்கும் கட்டடங்கள் வந்தன.

தொலைநோக்குள்ள திட்டம்தான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், தாகூரின் 150-ஆம் ஆண்டையொட்டி 2011-இல் 'தாகூர் பண்பாட்டு வளாகங்கள்' என்ற பெயரில் மத்திய அரசு மீண்டும் அரங்கக் கட்டுமானத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இம்முறையும் கட்டடமே முதன்மை பெற்றது.

அரங்கம் கட்டுவது வேறு. அரங்கை இயக்குவது வேறு. ரெஜியோ எமிலியாவின் அரங்கம் வாடகைக்கு விடும் மண்டபமாக மட்டும் இருந்திருந்தால், போட்டியில் வென்றவருக்கு அங்கு வேடம் கிடைத்திருக்காது. அந்த அரங்கம் தானே நிகழ்ச்சிகளைத் தயாரித்தது. நம் அரங்கங்களில் பலவற்றின் நாட்குறிப்பைப் புரட்டினால் அரசு விழாக்களும், பள்ளி ஆண்டு விழாக்களும், வாடகை நிகழ்ச்சிகளுமே நிரம்பியிருக்கின்றன.

இந்தியாவில் படிகளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1953-இல் தொடங்கப்பட்ட சங்கீத நாடக அகாதெமி உள்ளது. 1980-களின் நடுவில் தஞ்சாவூர் உள்ளிட்ட ஏழு இடங்களில் மண்டலப் பண்பாட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. 10 முதல் 14 வயதுவரையிலான சிறார்களுக்குக் கலைத்திறன் உதவித்தொகை வழங்கப்படுகிறது. 18 முதல் 25 வயதுவரையிலான இளங்கலைஞர்கள் 400 பேருக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு உதவித்தொகை தரும் மத்தியத் திட்டமும் உண்டு. உதவித்தொகை முடிந்த மறுநாள் அந்த இளைஞர் எந்த மேடையில் ஏறுவார் என்பதற்குத்தான் எந்தத் திட்டத்திலும் விடையில்லை. பவரோட்டிக்கு 25 வயதில் கிடைத்தது அந்த விடை.

கேரளம் காட்டிய வழி

படி அமைத்தால் பலன் கிட்டும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உள்ளது. கேரள மாநிலம் உருவான சில மாதங்களிலேயே, 1957 ஜனவரியில், பள்ளி மாணவர்களுக்கான மாநிலக் கலைவிழா தொடங்கப்பட்டது. தில்லியில் நடந்த பல்கலைக்கழக மாணவர் கலைவிழாவைக் கண்டுவந்த கல்வித்துறை இயக்குநர் ஒருவரின் எண்ணத்தில் உதித்த திட்டம் அது.

1958-ஆம் ஆண்டு விழாவில் வாய்ப்பாட்டில் முதல் பரிசு பெற்ற மாணவர் கே.ஜே. யேசுதாஸ். மிருதங்கத்தில் முதல் பரிசு பெற்றவர் பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற பி. ஜெயச்சந்திரன். யேசுதாஸின் தந்தை அகஸ்டின் ஜோசப், நாடக மேடையில் பாடி நடித்தவர். மகனுக்கு முதல் குருவும் அவரே. குடும்பம் வறுமையில் இருந்தது. திருப்பூணித்துறையில் அரசு இசைப் பயிற்சிக்கூடத்தில் அவர் பயின்றார். 1961 நவம்பர் 14-இல் சென்னை பரணி ஸ்டுடியோவில் தம் முதல் திரைப்பாடலைப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 21.

மோடெனாவில் ஒரு தந்தையும் மகனும். கொச்சியில் ஒரு தந்தையும் மகனும். ஒரே ஆண்டில் இரு குரல்கள் வெளியுலகுக்கு வந்தன. இரண்டிலும் வீட்டில் கிடைத்த இசைக்குப் பின், பொது அமைப்பு ஒன்று கைகொடுத்திருக்கிறது. அங்கே சேர்ந்திசைக் குழுவும் நகராட்சி அரங்கும். இங்கே பள்ளிக் கலைவிழாவும் அரசு இசைப் பயிற்சிக்கூடமும்.

மகாராஷ்டிரத்திலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. அம்மாநில அரசு 1950-களில் தொடங்கிய நாடகப் போட்டி, சிற்றூர்க் குழுக்களையும் மேடைக்குக் கொண்டுவந்தது. புணே மாநகராட்சி 1968-இல் திறந்த பால கந்தர்வ அரங்கம், மராத்தி நாடக ரசிகர்களின் அன்றாட வாழ்வோடு கலந்துவிட்டது. மராத்தி நாடகம் இன்றும் கட்டணம் செலுத்திப் பார்க்கும் கலையாக உயிருடன் இருப்பதில் இவற்றுக்குப் பங்குண்டு.

சட்டமும் நிதியும்

இத்தாலியில் இந்த ஏற்பாடு நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை. 1967 ஆகஸ்டில் இயற்றப்பட்ட 800-ஆம் எண் சட்டம், ஓபராவும் கச்சேரியும் நாட்டின் பொதுநலன் சார்ந்தவை என அறிவித்தது. பெருநகர ஓபரா அமைப்புகளோடு, 'மரபு அரங்கங்கள்' என்ற வகையில் மோடெனா, ரெஜியோ எமிலியா உள்ளிட்ட நகர அரங்கங்களையும் பெயர் குறிப்பிட்டு அங்கீகரித்தது. 1985-இல் நிகழ்த்துகலைகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே தேசிய நிதியம் சட்டப்படி உருவாக்கப்பட்டது. அதில் ஏறத்தாழப் பாதி ஓபரா அமைப்புகளுக்குச் செல்கிறது.

அங்கு எல்லாம் சரியாக உள்ளது என்று பொருளல்ல. ஓபரா அமைப்புகள் பலவும் கடனில் தத்தளித்தன. 1996-இல் அவற்றைத் தனியார் கொடையும் பெறக்கூடிய அறக்கட்டளைகளாக மாற்ற வேண்டியதாயிற்று. 2005-இல் நிதியம் வெட்டப்பட்டபோது கலைஞர்களும் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பொதுப்பணத்தில் பெரும்பங்கு ஓபராவுக்கே போவது நியாயமா என்ற வாதமும் அங்கு ஓயவில்லை. ஆனால் அந்த வாதம் சட்டத்தின் அடிப்படையில், நாடாளுமன்றத்தில் நடக்கிறது. இத்தாலிய ஓபரா பாடும் கலையை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

இந்தியாவிலும் அரசமைப்புச் சட்டம் இடம் தராமல் இல்லை. அரங்கங்களும் நாடகங்களும் மாநிலப் பட்டியலின் 33-ஆம் இனத்தில் உள்ளன. 74-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 12-ஆவது அட்டவணை, நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் 13-ஆவது, பண்பாட்டையும் கல்வியையும் அழகுணர்வையும் வளர்த்தல். ஊராட்சிகளுக்கான 11-ஆவது அட்டவணையிலும் பண்பாட்டுப் பணிகள் இடம்பெற்றுள்ளன. குடிநீரும் குப்பையும் வீட்டுவரியும் மன்றக் கூட்டங்களில் விவாதிக்கப்படும் அளவுக்கு, இந்த 13-ஆவது பணி எந்த ஊரில் விவாதிக்கப்பட்டிருக்கிறது?

நிதி ஒதுக்கீடும் இதே கதையைத்தான் சொல்கிறது. 2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்த மதிப்பு சுமார் 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி ரூபாய். பண்பாட்டு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 3,360 கோடி. நூறு ரூபாய்க்கு ஏழு காசுக்கும் குறைவு. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொல்லியல் துறைக்கு உரியது. பழைய சின்னங்களைப் பாதுகாப்பது தவிர்க்க முடியாத செலவு. எஞ்சியதில்தான் அருங்காட்சியகங்களும், நூலகங்களும், அகாதெமிகளும், உதவித்தொகைகளும் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி

அகாதெமிகளின் செயல்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட பி.என். ஹக்சர் குழு 1990-இல் அறிக்கை அளித்தது. அதன் பின்னரும் குழுக்கள் வந்தன. நாடாளுமன்ற நிலைக்குழுவும் ஆராய்ந்தது. விருது யாருக்கு, பதவி யாருக்கு, தலைமையிடம் எங்கே என்ற சர்ச்சைகளே ஒவ்வொரு முறையும் முன்னுக்கு வருகின்றன. எத்தனை அரங்கங்கள் கட்டப்பட்டன என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அமைச்சர் எண்ணிக்கையைத் தருகிறார்.

கேட்கப்பட வேண்டியது இன்னொன்று. கட்டப்பட்ட அரங்கில் கடந்த ஆண்டு புதிய கலைஞர் எத்தனை பேர் முழு நிகழ்ச்சி நடத்தினர்? அரசுப் போட்டிகளில் வென்றவர்களில் எத்தனை பேருக்குப் பரிசுடன் மேடையும் வழங்கப்பட்டது? இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை; பெருநிதியும் தேவையில்லை. மாநிலந்தோறும் நடக்கும் கலைப் போட்டிகளின் வெற்றியாளர்களுக்கு, அந்தந்த மாவட்ட அரங்கில், தேர்ந்த பக்கவாத்தியத்துடன், கட்டண நுழைவில் ஒரு முழு நிகழ்ச்சி என விதி செய்தால் போதும். 12-ஆவது அட்டவணையின் 13-ஆவது பணிக்கு நகராட்சிகள் தம் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பு ஒதுக்கினால் போதும்.

ரெஜியோ எமிலியா நகராட்சி 1961-இல் உலகப் புகழ் பெற்ற பாடகரை உருவாக்கப் போகிறோம் என்று எண்ணிச் செயல்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஒவ்வோர் ஆண்டும் செய்வதைத்தான் அந்த ஆண்டும் செய்தது. அரங்கைத் திறந்து, விளக்கேற்றி, தகுதியுள்ள புதியவருக்கு இடம் கொடுத்தது. அவர்களில் ஒருவர் பவரோட்டி ஆனார். மற்றவர்கள் ஆகவில்லை. ஆனாலும் அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைத்தது. ரொட்டி சுடுபவரின் மகனுக்குக் குரல் வாய்ப்பது இயற்கையின் கொடை. அந்தக் குரலுக்கு மேடை வாய்ப்பது ஆட்சியாளர்களின் பொறுப்பு.